அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு கோடு

இன்று காலை அக்காவின் மகள் கேட்டதற்காக எங்கள் குடிவழிப் படத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் பாரம் வைத்தேன். கறுப்பு மையில் நேரான கோடுகள், ஒரே அளவான எழுத்துகள். எல்லாம் என் வேலை. அக்காவின் பெயருக்குக் கீழே மட்டும் பச்சையும் மண்ணிறமுமாக ஒரு தீற்றல். அது அக்காவின் வேலை.

நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞர். எதையும் வரிசைப்படுத்தி எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அக்கா பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். கலியாணமாகி ஏழு வருடம் அவளுக்குப் பிள்ளையில்லை. ஊசி போடும் நாட்கள், ஸ்கான் நாட்கள், குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் என்று அவளுக்காக நான் எழுதிய பட்டியல்களே ஒரு கோப்பு நிறைய இருந்தன. மூன்று முறை கொழும்புக்குப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தாள். வந்த ஒவ்வொரு தடவையும், பிள்ளைக்கென்று ஒதுக்கியிருந்த அறையின் சுவரில் வாவிக்கரைக் கண்டல் மரங்களை வரைந்தாள். முதல் தடவை சேற்றில் வேர்கள் மட்டும். அடுத்த தடவை தண்ணீர் வந்தது. மூன்றாம் தடவை கிளைகளில் நீளமான காய்கள் தொங்கின. கண்டல் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். பிறகு விழுந்து, தண்ணீரில் படுத்தபடி மிதந்து, வேறொரு கரையில் நிமிர்ந்து வேர்பிடிக்கும். அழுகிறாளோ என்று நான் எட்டிப் பார்த்தால், “அந்தா, இஞ்சினியர் வந்திட்டா. வேர் எத்தினையெண்டு எண்ணிக் குறிச்சுக்க” என்பாள், திரும்பாமலே.

அந்த நாட்களில்தான் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் எங்கள் குடிவழியைப் படமாகப் போட்டு வைக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் குடி எனும் குலம் தாய்வழியாக வரும். பெண்ணின் பெயரிலிருந்துதான் கோடு கீழே இறங்கும். பிள்ளையில்லாமல் இறந்தவர்களின் பெயருக்குக் கீழே குறுக்குக் கோடு போட்டு வழியை மூடினேன். அதே கையோடு அக்காவுக்கும் போட்டுவிட்டேன். வாய்க்கால் முடியும் இடத்தில் தினமும் போடுகிற கோடு, கை பழகியிருந்தது. படத்தை அவளிடம் நீட்டும்வரை நான் செய்தது எனக்கே தெரியவில்லை.

அக்கா அந்தக் கோட்டில் விரலை வைத்தாள். “என்னடி, வாய்க்காலுக்குப் போடுற மாதிரி எனக்கும் வான்கதவு போட்டுப் பூட்டிட்டாய்?” என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. சுரண்டி அழிக்க பிளேடை எடுத்தேன். “சுரண்டாத, தாள் கிழிஞ்சிரும்” என்று படத்தைத் தன் அறைக்கு எடுத்துப்போனாள். மறுநாள் அது திரும்பி வந்தபோது, என் குறுக்குக் கோடு தண்ணீரில் படுத்து மிதக்கும் கண்டல் விதையாகியிருந்தது. அன்றே அத்தானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள், ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் போவதாக.

“ஆர் பெத்த புள்ளையோ! அதுக்கு என்ன குடியெண்டு சொல்லுவாய்?” என்றாள் அம்மா. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதவரை பிள்ளை இந்த வீட்டில் விருந்தாளிதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நீதிமன்ற அலுவல்கள் முடிந்து, பதினொரு மாதப் பெண்குழந்தை வந்தாள். அம்மா முதல் கிழமை தூர நின்றுதான் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்று மடியில் வாங்கியவள் பிறகு இறக்கவேயில்லை. ஆனால் குடியைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை.

எங்கள் குடியின் பூசை நாளன்று கோயிலில் தட்டோடு வந்த வண்ணக்கர், பூசைக்கு முன் எல்லோரிடமும் கேட்பதைப்போல, “புள்ளை என்ன குடி?” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பூ, பழம், கற்பூரம், பிள்ளைக்கு மாற்றுச் சட்டை என்று எல்லாம் இருந்த என் பட்டியலில் இதற்குப் பதில் இல்லை.

“என்ன வண்ணக்கர், கண் தெரியல்லையா?” என்றாள் அம்மா. “என்ர இடுப்பில இருக்கிற புள்ள வேற என்ன குடி? எங்கட குடிதான். சொல்லிப் பூசையப் பண்ணுங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீ போய் அந்தக் கோட்ட நீட்டு” என்றாள். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்தேன்; பிறகு வைத்துவிட்டேன். விதையின் நுனியிலிருந்து வெறுங்கையால் ஒரு கோடு இறக்கி, பிள்ளையின் பெயரை எழுதினேன்.

அவளுக்கு இப்போது ஆறு வயது. படத்தின்மேல் கவிழ்ந்து விரலால் தடவிக்கொண்டே போனாள்.

“சின்னம்மா, எல்லாக் கோடும் நேராக் கிடக்கு. என்ர மட்டும் ஏன் வளைஞ்சிருக்கு?”

“அது தண்ணிக்குள்ளால வந்த கோடு.”

“அப்ப தண்ணியக் காணல்லையே. நான் கீறட்டா?”

என் படங்களில் இன்னொருவர் கை வைக்க நான் விட்டதில்லை. பாரங்களைத் தள்ளி வைத்துவிட்டு, நீலச் சாயத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.