மூன்று முதல் நாலரை வரை

உள் அறையிலிருந்து கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டும் ஓசை கேட்டது. டிங், டிங், டிங். நிறுத்தாமல் கேட்டது.

நெவென்கா அடுப்பைத் தணித்தாள். பானைக்குள் புளித்த முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி நாற்பது பேருக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தபடி மாமனாரின் அறைக்கு ஓடினாள்.

"வந்துட்டேன் மாமா."

"யாரு வந்தது?"

"யாரும் வரல மாமா. இப்பத்தான் மணி பன்னிரண்டு."

"பன்னிரண்டா?" ஒப்ராத் கிழவர் வாதத்தில் விழாத வலது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "போன வருசமெல்லாம் இந்நேரம் வாசல்ல ஷூ கழட்ட எடமிருக்காதே!"

"ஒரு மணிக்கு மேலதான் வருவாங்க. எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்."

"சொல்லியிருக்கியா?" கிழவருடைய நெற்றி சுருங்கியது. "ஸ்லாவாவுக்கு என்னத்தம்மா சொல்றது? நம்ம வீட்டுப் புனிதர் நாள் எதுன்னு ஊருக்கே தெரியுமே!"

நெவென்கா தலையணையைத் தட்டிப் போட்டாள். அவளுக்கு நூறு வேலை இருந்தது. பாவம், அந்தக் கேள்விக்குள்தான் அவளுடைய அன்றைய விதி உட்கார்ந்திருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நிஷ் நகரத்துப் பேருந்துப் பணிமனையில் நெவென்காவுக்கு வேலை. எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும், எந்த ஓட்டுநர் எங்கே மாற வேண்டும் என்று கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து மைக்கில் சொல்பவள் அவள்தான். இருபது வருடமாக அந்த வேலை. பனி கொட்டிய நாளிலும் அவள் பொறுப்பிலிருந்த வண்டிகள் தாமதமானதில்லை என்று ஓட்டுநர்கள் பெருமையாகச் சொல்வார்கள். "நெவென்கா தும்மினாக்கூட நேரம் பார்த்துத்தான் தும்முவா" என்று கேலியும் செய்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மாமனார் குளியலறையில் விழுந்தார். இடது பக்கம் முழுவதும் செயலிழந்தது. அன்றிலிருந்து வீடும் ஒரு பணிமனை ஆகிவிட்டது. கணவன் திஹோமிருக்குத் தொழிற்சாலையில் ஒரு வாரம் பகல் வேலை, மறுவாரம் இரவு வேலை. மூத்தவள் ஸ்மில்யாவுக்குத் தேர்வு வருடம். சின்னவர்கள் இருவருக்கும் நீச்சல், வயலின், பல் டாக்டர். நடுவில் கிழவரைப் புரட்டிப் போட வேண்டும், ஊட்ட வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். அந்த வீடு எப்படி உடையாமல் நின்றது? அவளால் நின்றது. சமையலறைச் சுவரில் ஒரு பெரிய அட்டை, அதில் ஆளுக்கொரு நிறம். யார் எப்போது குளிப்பது, யார் எப்போது தாத்தாவிடம் உட்காருவது, எல்லாம் அதில் இருந்தது. தன் பெயருக்கு எதிரே அவள் ஒரு நிறமும் தீட்டிக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த வெள்ளைக் கட்டமெல்லாம் அவளுடையது. இரண்டு வருடமாக அந்த ஜீவன் முழுதாக ஒரு தூக்கம் தூங்கவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் கிழவர் ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஸ்லாவாவுக்கு நான் இருக்க மாட்டேன்மா."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"கேளு. இந்தத் தடவை ரொட்டியை உடைச்சு ஸ்லாவா நடத்துற பொறுப்பை திஹோமிர் கையில குடுத்துடணும். எங்கப்பா எனக்குக் குடுத்த மாதிரி. வீடு நெறஞ்சிருக்கணும். வுகோமான் பக்கத்துல நிக்கணும். அவன் இல்லாம குடுத்தா அது குடுத்ததாவே ஆகாது."

வுகோமான் அந்த வீட்டின் கூம். திஹோமிரின் திருமணத்தில் சாட்சியாக நின்றவர், மூன்று பிள்ளைகளுக்கும் ஞானத்தகப்பன். அவருடைய அப்பா ஒப்ராத்துக்குக் கூம், தாத்தா ஒப்ராத்தின் அப்பாவுக்குக் கூம். ரத்த உறவுகூடச் சண்டை போட்டுப் பிரியலாம், கூம் உறவு பிரியக் கூடாது என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

கிழவரின் ஆசையை நெவென்கா டாக்டரிடம் சொன்னாள். அவர் கையை விரித்தார். "ஒரே சமயத்துல நாலஞ்சு பேருக்கு மேல அறையில வேண்டாம். கூட்டம், சத்தம், அழுகை எதுவும் கூடாது. இன்னொரு தடவை வாதம் வந்தா தாங்க மாட்டாரு."

வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். நெவென்கா பென்சிலை எடுத்தாள். நாற்பது பேரையும் மூன்று குழுவாகப் பிரித்தாள்; அதிலிருந்து நாலைந்து பேராக அறைக்குள் போய்ப் பார்க்கலாம். ஒன்று முதல் மூன்று வரை தொழிற்சாலை நண்பர்கள். மூன்று முதல் நாலரை வரை கூமின் குடும்பம். அதன் பிறகு உறவினர்கள், அக்கம்பக்கம். மதியத் தூக்கம் முடிந்து மாமனாரின் முகம் தெளிவாக இருக்கும் நேரம் மூன்று மணிதான். அந்த நாளின் மிக நல்ல நேரத்தை அவள் கூமுக்குத்தான் ஒதுக்கினாள். எழுதி முடித்ததை எல்லோருக்கும் ஒரே செய்தியாகத் தொலைபேசியில் அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போலிருந்தது. சிரித்துக்கூடக் கொண்டாள்.

ஒரு மணிக்கு திஹோமிரின் நண்பர் ஒருவர் மனைவியோடு வந்தார். வாசலில் வைத்திருந்த சர்க்கரைக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். சூப் முடியுமுன் அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இறைச்சி?" என்றாள் நெவென்கா.

"வேண்டாம்மா, அடுத்த ஆளுங்க வந்துடப் போறாங்க."

"இல்லக்கா, உங்களுக்கு மூணு வரைக்கும் இருக்கு!"

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். இருவரும் எழுந்துவிட்டார்கள்.

அதன் பிறகு யாரும் வரவில்லை.

திஹோமிர் கறுப்புக் கோட்டுடன் மெழுகுவத்தியின் அருகில் நின்றுகொண்டிருந்தான். ஸ்லாவா நாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, விருந்தாளியைக் கவனிப்பவன் அல்லவா! கவனிக்க ஆளில்லாமல் நின்றான். மேசை நடுவில் பூவேலை செய்த ரொட்டி உடைபடாமல் இருந்தது. மூன்று அடித்தது. மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. உள்ளேயிருந்து கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "வுகோமான் வந்துட்டானா?" ஒவ்வொரு தடவையும் நெவென்கா "வந்துட்டிருக்காங்க மாமா" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் கொஞ்சம் சிறுத்தது.

நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது. அவள் பாய்ந்து திறந்தாள். கீழ் மாடி பெர்சிதா. கணவனை இழந்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"எனக்கு எத்தனாவது பஸ்ஸு நெவென்கா? டிக்கெட் உள்ள எடுக்கணுமா, கண்டக்டர் வருவாரா?"

"அக்கா..."

"மூச்சு வாங்குது, இரு." பெர்சிதா கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு காலி நாற்காலிகளைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கேலி அணைந்தது. "யாருமே வரலையாடி?"

"ஏன்க்கா வரல? எல்லாருக்கும் ஒழுங்கா நேரம் சொன்னேனே!"

"அதனாலதான்டி." பெர்சிதா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "ஸ்லாவாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? தானா வர்றதுதான் மொற. கூப்பிட்டா, போன வருசம் தானா வந்தவன் இந்த வருசம் வேண்டாதவன்னு அர்த்தம். நீ என்னடான்னா வர்ற நேரத்த மட்டுமில்ல, போற நேரத்தையும் சேத்துச் சொல்லியிருக்க. 'நாலரைக்கு எந்திரிச்சுப் போ'ன்னு கூமுக்கே சொல்லியிருக்கியே! பல்லு புடுங்க வர்றவனுக்குத்தான்டி அப்படிச் சொல்லுவாங்க."

"நான் கூப்பிடலக்கா... நேரம்தான் சொன்னேன். மாமாவுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு..."

"அத கூமோட வீட்டுக்குப் போயி வாயால சொல்லியிருந்தா, அந்த மனுசன் ஊரையே வரிசையில நிக்க வச்சிருப்பாரு. நாப்பது பேருல ஒருத்தராச் சேத்துச் செய்தி அனுப்புவியா? மார்க்கெட்ல எல்லாரும் பாத்துச் சிரிச்சுட்டாங்கடி."

 நெவென்கா தொலைபேசியை எடுத்துக் கூமைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

"விடு" என்றான் திஹோமிர். "நாலு தலைமுறையா ஆளு வந்த வீடு. ஒரு தடவை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே! நீ ராத்திரி வேலை முடிஞ்சு வந்து படுத்திருந்த. 'நீயே பாத்துக்க'ன்னு சொன்ன. எல்லாத்துக்கும் அதத்தான் சொல்ற. ரெண்டு வருசமா நானே பாத்துக்கறேன்!"

அவன் மெழுகுவத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டான். பெர்சிதா தான் ஏன் வந்தோம் என்பது போல எழுந்து, சத்தமில்லாமல் படியிறங்கிப் போனாள். பிள்ளைகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாற்பது பேருக்கு வைத்த சாப்பாட்டு வாசனை வீடு முழுவதும் நின்றது.

ஐந்தரை ஆயிற்று. மாமனாரின் மாலை மாத்திரைக்கு நேரம். அதைத் தாமதித்தால் அவருக்குக் கைகால் இழுத்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் ஏறும். போட்டால் காலை வரை பீரங்கி வெடித்தாலும் எழமாட்டார். நெவென்கா தண்ணீரோடு கட்டிலருகே போனாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா" என்றார் கிழவர். "கொஞ்ச நேரம் முழிச்சிருக்கேன். வுகோமான் வருவான்."

"மாமா..."

"நான் தூங்கிட்டா ரொட்டிய யாரு குடுக்கறது?"

அவளால் தாங்க முடியவில்லை. அந்தக் கண்களை இனி ஒரு நிமிடம்கூடப் பார்க்க முடியாது என்று தோன்றியது. ஏமாந்து ஏமாந்து விழித்திருப்பதைவிடத் தூங்கிவிடட்டும் என்று நினைத்தாள். அது இரக்கமா, வெட்கமா? அவளுக்கே தெரியாது.

"யாரும் வரமாட்டாங்க மாமா. தப்பு என்னோடது. நான்தான் எல்லாரையும் வரவிடாம பண்ணிட்டேன். முழுங்குங்க."

கிழவர் குழந்தை போல வாயைத் திறந்தார். மாத்திரையை விழுங்கிவிட்டு, "நல்லதுக்குத்தானம்மா செஞ்சிருப்ப" என்றார். அந்த வார்த்தைக்குப் பதில் அவர் அவளை அறைந்திருக்கலாம்.

கால் மணி நேரத்தில் அவருடைய மூச்சு சீராயிற்று. அவள் அவருடைய கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள்.

ஆறரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திஹோமிர் திறந்தான். வுகோமான் நின்றார். சலவைச் சட்டை, சாம்பல் கோட்டு, கையில் ஒயின் புட்டி. உயரமான அந்த மனிதர் அன்று ஏனோ கூனிப்போயிருந்தார்.

"ஸ்லாவா நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லி திஹோமிரை மூன்று தடவை முத்தமிட்டார். கோதுமை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். கோட்டைக் கழற்றவில்லை.

நெவென்கா ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "கூம், என்னை மன்னிச்சுடுங்க. எனக்குப் புத்தியில்ல. உக்காருங்க, ஒரு நிமிசம் உக்காருங்க."

"காலையிலேருந்து இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு வீட்ல உக்காந்திருந்தேன்மா. மூணு மணி ஆச்சு. அந்த மூணு மணிக்குப் போகக் கூடாதுன்னு வீம்பு. போன் அடிச்சப்ப எடுக்காம கவுத்துப் போட்டுட்டேன். அப்புறம் கெழவரோட முகம் ஞாபகம் வந்துடுச்சு." அவர் உள் அறைப் பக்கம் பார்த்தார். "அவருக்காகத்தான் வந்தேன். எங்க அவரு? என் குரல் கேட்டா கத்துவாரே!"

நெவென்கா அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"மாத்திரை... அஞ்சரைக்குத்தான் குடுத்தேன் கூம்."

அவர் அறைக்குள் போனார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கிழவரின் தோளைத் தொட்டார். "ஒப்ராத் மாமா. நான்தான். வுகோமான்." அசைவில்லை. கன்னத்தைத் தட்டினார். கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். நெவென்காவும் மண்டியிட்டு மாமனாரின் கையைத் தேய்த்தாள். "மாமா, எந்திரிங்க மாமா, அவரு வந்துட்டாரு, பாருங்க, வந்துட்டாரு!" கிழவரின் இமை ஒரு தடவை துடித்தது. அவ்வளவுதான். பழைய தூக்கத்துக்குள் அவர் இன்னும் ஆழமாகப் போய்விட்டார்.

வுகோமான் எழுந்து கூடத்துக்கு வந்தார். திஹோமிர் ரொட்டியை இரு கையாலும் எடுத்து நீட்டினான்.

"கூம், நாம ரெண்டு பேருமா உடைச்சுடுவோம். அப்பாவுக்கு நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"எப்படிப்பா?" வுகோமான் ரொட்டியைத் தொடவில்லை. "குடுக்க வேண்டியவர் உள்ள தூங்குறாரு. ஸ்லாவா நாளும் இன்னையோட முடியுது. யாரு கையிலேருந்து வாங்கப் போற?"

திஹோமிர் ரொட்டியை வைத்துவிட்டான். வுகோமான் தொப்பியைத் தலையில் வைத்து, நெவென்கா பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று அவள் நினைத்தாள். திட்டினால் போதும் என்றும் நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"போய்ப் படும்மா" என்றார். "நின்னுக்கிட்டே தூங்குற."

வாசலில் அவர் ஷூவுக்குள் காலை நுழைக்க வெகு நேரம் ஆயிற்று. நெவென்கா குனிந்து உதவப் போனாள். வேண்டாம் என்று கையசைத்தார். படியில் இறங்கினார். அவருடைய காலடி கீழ் மாடியைத் தாண்டும் வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருக்காற்று உள்ளே வந்தது. திஹோமிர் அவளை மெல்ல விலக்கிவிட்டுக் கதவைச் சாத்தினான்.