அவன் எழுந்துபோன சீட்

பிள்ளைகளே, அலுமாரிக்கு மேல் பழைய சாரத்தில் சுற்றி வைத்திருக்கும், நேர்கோடு கீறுகிற டீ-ஸ்கொயர் கட்டையைத் தொட்டால் அப்பா ஏன் சத்தம் போடுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தெரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கண்டிக்குப் போய், தொழில்நுட்பக் கல்லூரியில் படம் கீறும் வகுப்பில் சேர்ந்தேன். எனக்குச் சிங்களம் வராது, கீறுகிற சாமானும் கிடையாது. பக்கத்துக் கதிரையில் கடுகண்ணாவைச் சிங்களப் பையன். அவனிடம் டீ-ஸ்கொயர் இருந்தது. கோடுதான் நேராக வராது. நான் அவனுக்குக் கீறக் காட்டினேன், அவன் எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தான். என் தமிழையும் பொறுக்கிக்கொண்டான். "எங்க தொர கோடு போட்டா கண்டி ரோட்டே நேராயிரும்" என்று வகுப்பே சிரிக்கக் கத்துவான். இரண்டு பாஷையிலும் மச்சான் மச்சான்தான் என்று கண்ட அன்று, அந்தக் கட்டையின் ஒரு பக்கம் நான் தமிழில் அந்தச் சொல்லைக் கீறினேன். மறுபக்கம் அவன் சிங்களத்தில் கீறினான். பிறகு கட்டையை என்னிடமே தந்துவிட்டான். அந்த வருடம் வகுப்பில் நான் முதல், அவன் இரண்டாவது.

கலவரம் வந்தது. டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. "எங்க வீட்டுக்கு வா மச்சான், ஒண்ணும் ஆகாது" என்று அவனே என்னை பஸ்ஸில் ஏற்றினான். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு கும்பல் பஸ்ஸை மறித்து ஏறியது. தமிழர் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார் டிரைவர். அவர்கள் இறங்கத் திரும்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவன் என் பக்கத்திலிருந்து எழுந்து, முன் சீட்டில் போய் உட்கார்ந்தான். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. அவர்கள் திரும்பி வந்து கேட்டதற்கு, அவன் சொல்லித் தந்த சிங்களத்தில் பிழையில்லாமல்தான் பதில் சொன்னேன். அவர்களில் ஒருவன் சிரித்தான்: "அப்ப இவன் ஏன் எழும்பினான்?"

கோடு போட்ட கையைத்தான் மிதித்தார்கள். கடைசிப் பரீட்சையை நான் எழுதவில்லை. அவன் எழுதி, அரசாங்கக் கந்தோரில் படவரைஞன் ஆனான். நான் பல்லேகல தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். கூட்டாளி இல்லாவிட்டால் எனக்குப் படிப்பு வந்திருக்காது. அது போனதும் கூட்டாளியால்தான். அவனும் ஒருநாள் எல்லார் கண்ணுக்கும் முன்னால் தனியாக உட்கார வேண்டும்: இத்தனை வருடமும் நான் சாமியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

போன மாதம், எங்களுக்குப் படம் கீறப் படிப்பித்த மாஸ்டரின் சாவு வீட்டுக்கு நீங்களும் வந்தீர்கள். பழைய வகுப்பு முழுவதும் அங்கே இருந்தது. நரைத்த ஒருவர் வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாரே, அது அவன்தான். என் கோணல் கையைப் பிடித்து, "அன்னைக்கு பயந்துட்டேன் மச்சான்" என்றான். அதே தோட்டத்துத் தமிழ்.

நான் கையை இழுத்துக்கொண்டு, எழுந்து, முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

பாவம் அந்த மனுசன் என்கிறாள் உங்கள் அம்மா. இருக்கட்டும். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு டீ-ஸ்கொயரை இறக்கி மடியில் வைத்தேன். அவன் கீறியதைத் தொடவில்லை. அது அப்படியே கிடக்கட்டும். கட்டையைத் திருப்பி, நான் கீறிய சொல்லை மட்டும் இடது கையால் கத்தி பிடித்துச் சுரண்டி எடுத்தேன்.