சிவராமன் சார் வீட்டுக் காலிப் பைப்

வயர் ஓடுகிற பைப்பைப் பற்றி எந்த வீட்டிலும் ஒரு கேள்வி வராது. உள்ளே ஒன்றுமே இல்லாத பைப் ஒன்றைச் சுவரில் புதைத்துப் பாருங்கள் வயர்மேன்களே, அப்புறம் தெரியும் சேதி. கோவில்பட்டியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து பதினெட்டு வருஷமாகச் சுவர் வெட்டுகிறேன். என்னை அதிகம் பேச வைத்தது அந்தக் காலிப் பைப்தான்.

எத்தனை நீளம்

சிவராமன் சார் வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீசில் ஃபைல் பார்த்து ரிட்டையர் ஆனவர். நாலு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் உப்பு டப்பாவில்கூட ‘உப்பு’ என்று மலையாளத்தில் எழுதிச் சீட்டு ஒட்டியிருப்பார். அவர் மனைவி பத்மா அக்காவுக்குத் தூசி ஆகவே ஆகாது, மூச்சு இழுக்கும். ஓட்டுக் கூரையை இறக்கிவிட்டு மாடி எடுத்து வீட்டைப் புதுப்பித்தபோது, மூன்று வாரம் வைப்பின் தீவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்புகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெட்டுவதையெல்லாம் நான் வருவதற்குள் வெட்டிவிடு, வந்த பிறகு சுவரில் கை வைக்கக் கூடாது என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

சாருக்கு இரண்டு வருஷம் கழித்து சோலார் வைக்கிற எண்ணம். வயரை இப்போதே இழுத்துவிடு என்றார். எத்தனை பேனல் என்று முடிவாகாமல் எந்தக் கனத்தில் இழுப்பது? மாடியிலிருந்து மீட்டர் பக்கம் வரை தனியாக ஒரு பைப், அதற்குள் பின்னால் வயரைக் கட்டி இழுக்க ஒரு நைலான் கயிறு, இது போதும் சார் என்றேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பைப்புக்குள் பார்த்தார். பிறகு மறு முனைக்குப் போய் அங்கேயும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு இத்தனை நீளம்?"

எர்த் குழி

சோலாருக்குத் தனி எர்த் வேண்டும் என்று கொல்லையில் குழி தோண்டினோம். மட்டாஞ்சேரி மண்ணில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் வந்துவிட்டது. எர்த்துக்கு ஈரம் நல்லது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் சார் உள்ளே போய்ச் சீட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். ‘இது கிணறு அல்ல.’ மறுநாள் காலையில் குழிக்குள் ஒரு தவளை இருந்தது. பூச்சு வேலைக்கு வந்த பாபு சேட்டன் சீட்டைப் படித்தார், தவளையைப் பார்த்தார்.

"இதை யாரு அதுக்குப் படிச்சுக் காட்டறது?"

கரண்ட் போனால்

அக்கா திரும்பி வந்தார். சுவரெல்லாம் பூசி, பெயின்ட் அடித்து, பளிச்சென்று இருந்தது. சாயா கொடுத்துவிட்டு, சோலார் வந்துவிட்டால் மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும் இல்லையா என்று ஆசையாகக் கேட்டார். பேட்டரி வைக்காத சோலாரில் லைன் போனால் அதுவும் நின்றுவிடும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும் என்றேன். அக்கா மாடிப் பக்கம் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ கரண்ட் இருக்கிறப்ப கரண்ட் தர்றதுக்கா இத்தனை பாடு?"

கொடி

இரண்டு வருஷம் கழித்து பேனல் வந்தது. கொண்டுவந்தவர்கள் மாடியில் இரும்புச் சட்டத்தைப் பொருத்திவிட்டு, வயரை இழுத்துக் கொடு என்றார்கள். ஜம்பமாகப் போய்ப் பைப் வாயைத் திறந்தேன். கயிறு இல்லை. கீழே ஓடி மீட்டர் பக்கம் பார்த்தேன். அங்கேயும் இல்லை. மறுபடி மாடிக்கு வந்து மூச்சு வாங்க நின்றபோதுதான் சாரின் வேட்டி காய்ந்துகொண்டிருந்த கொடியைப் பார்த்தேன். ஆரஞ்சு நிற நைலான் கயிறு. முனையில் நான் போட்ட முடிச்சுகூட அப்படியே இருந்தது.

சார் எதையும் மறைக்கவில்லை.

"சும்மா தொங்கிட்டு இருந்தது. இழுத்தேன். வந்துட்டே இருந்தது, கேட்டோ."

அக்காவின் பை

பைப்புக்குள் வயர் இழுக்கிற ஸ்பிரிங் கம்பியை மேலிருந்து விட்டேன், கீழிருந்தும் விட்டேன். நடு வளைவில் எங்கோ இடறி இடறி நின்றது. மத்தியானம் ஆகிவிட்டது. சுவரில் ஒரே ஒரு அடி வெட்டினால் போதுமே என்றார்கள் பேனல்காரர்கள். நான் கட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. அது என் பையிலிருந்து எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அக்கா உள்ளே போய் இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்து, அதன்மேல் இன்ஹேலரை வைத்தார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சமாதானம் சொல்லப் பின்னாலேயே போனபோதுதான் அலமாரிப் பக்கத்தில் வேக்குவம் கிளீனர் கண்ணில் பட்டது. தூசிக்காக மகள் வாங்கிக் கொடுத்ததாம். அதன் குழாயைக் கீழே பைப் வாயில் வைத்து ஈரத்துணியால் சுற்றினேன். மாடியில் சாரை நிறுத்தி, தையல் நூல் முனையில் பிளாஸ்டிக் கவர்த் துண்டு ஒன்றைக் கட்டிப் பைப்புக்குள் விடச் சொன்னேன். அக்காதான் சுவிட்சைப் போட்டார். பத்து எண்ணுவதற்குள் கவர்த் துண்டு கீழே வந்து குழாய்க்குள் போய்விட்டது. நூலில் கட்டி இழுக்கக் கயிறு வேண்டுமே? சார் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொடியை அவிழ்த்துக் கொடுத்தார்.

அக்கா புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"வயரோட இன்னொரு கயிறும் உள்ளயே கிடக்கட்டும் தம்பி. முனை மட்டும் இவர் கண்ணுல படாம சொருகிடு."

அந்த வீட்டில் உப்பு டப்பா முதல் எர்த் குழி வரை எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்கிறது. அந்தக் கயிற்றுக்கு மட்டும் கிடையாது.