ஒட்டிக் கட்டிய சுவர்

இண்டூரைத் தாண்டி நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் ஒரு மாதா கோவில் இருந்தது. ஜெர்மன் கோவில் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ ஒரு ஜெர்மன்காரச் சாமியார் தன் சொந்த ஊர்க் கோவிலை மனதில் வைத்துக் கட்டியதாம். பனி வழிந்து இறங்குவதற்கான செங்குத்துக் கூரையை, கேழ்வரகு காய்கிற எங்கள் வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கூர்வளைவு வைத்த சன்னல்கள், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய இரண்டடிச் சுவர்கள், மணிக்கூண்டின் உச்சியில் இரும்பில் ஒரு சேவல். காற்றடித்தால் அது திரும்ப வேண்டும். நான் பார்த்த நாள் முதல் துருப்பிடித்துத் தருமபுரிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி அங்கே போனேன். கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை. கணவர் கொத்தனார். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பெரிய வாசலில் கால் வைத்தேன். கோவில் வேலைகளைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் வேகமாக வந்து குறுக்கே நின்றார்.

“டீச்சர், உங்களுக்கு அந்தப் பக்கங்க.”

அந்தப் பக்கம் என்றால், கோவிலின் இடது விலாவில் பீடத்துக்கு அருகே நீட்டியிருந்த ஒரு தாழ்வாரம். அதற்குத் தனி வாசல். காலனிச் சனங்கள் அங்கே உட்கார வேண்டும். நடுக்கூடம் மேலத்தெருக்காரர்களுக்கு. பூசை ஒன்று, பீடம் ஒன்று. ஆனால் இவர்கள் முகத்தை அவர்கள் பார்க்க முடியாதபடி நடுவில் மூலைச்சுவர் நின்றது. நான் படித்த போர்டிங்கில் எல்லாரும் ஒரே தரையில் முழங்கால் போட்டவர்கள். சாமி கும்பிடும் இடத்தில் சாதிக்கு ஒரு வாசல் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தினேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, “வெள்ளக்காரச் சாமியாரே அப்பிடித்தான் கட்டி வெச்சிட்டுப் போயிருக்காரு. நாம என்ன பண்றது?” என்றார். ஊரில் எவரைக் கேட்டாலும் இதே பதில்தான் வந்தது.

சில வருடங்களில், அதுவரை லத்தீனில் நடந்த பூசை தமிழுக்கு வந்தது. சுவரை ஒட்டியிருந்த பீடத்தை முன்னே இழுத்துப் போட்டார்கள். அதுவரை சனங்களுக்கு முதுகு காட்டி நின்ற சாமியார் இனி சனங்களைப் பார்த்து நிற்பார் என்றார்கள். நடுக்கூடத்துக்கு அவர் முகம் கிடைத்தது. தாழ்வாரத்தில் இருந்த எங்களுக்கு அவருடைய காது மட்டும் தெரிந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மழையில், தாழ்வாரம் கோவிலோடு சேருகிற மூலை மேலிருந்து கீழ்வரை பிளந்தது. சரிசெய்ய என் கணவரைத்தான் கூப்பிட்டார்கள். மழை விட்டபிறகு வந்த அரையாண்டு விடுமுறையில் வேலை நடந்தது. சித்தாள் கிடைக்கவில்லை. நானே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சாந்துச் சட்டி சுமந்தேன்.

இரண்டாம் நாள் தாழ்வாரத்துக்கு உள்பக்கமாகப் பழைய பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

“இங்க வா. இதப் பாரு. ஒரே சமயத்துல கட்டியிருந்தா ரெண்டு செவுத்துக் கல்லும் விரல் கோத்தாப்பல ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருக்கும். இது சும்மா ஒட்ட வெச்சது. அதான் மழைக்கு வாயப் பொளந்துடுச்சு.”

இன்னும் கொஞ்சம் கொத்தினார். கோவில் சுவரில், கல் வைத்து அடைத்த ஒரு சன்னல் வெளிப்பட்டது. அதே கூர்வளைவு. வளைவுக்கு மேலே ஒரு விளிம்பின் மிச்சம். மழைத்தண்ணீர் சன்னலுக்குள் விழாமல் வடிவதற்காக வெளிச்சுவரில் வைப்பது அது. நீட்டிக்கொண்டிருந்த பாகத்தை உடைத்துவிட்டுப் பூசியிருந்தார்கள்.

“வூட்டுக்குள்ள யாராவது மழைக்கு விளிம்பு வெப்பாங்களா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கோவிலைக் கட்டியபோது இந்தத் தாழ்வாரம் இல்லை. அந்தச் சாமியாரே பிற்பாடு மேலத்தெருவுக்குப் பயந்து சேர்த்தாரா, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்களா, எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. பின்னால் சேர்த்ததைப் பின்னால் வருகிறவர்கள் எடுக்கலாம்.

சாயங்காலம் கோவில் கமிட்டித் தலைவர் வந்தார். மேலத்தெருவில் பெரிய நிலக்காரர். சன்னலைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள பூசி வெள்ளையடிச்சிடுப்பா,” என்றார் என் கணவரிடம்.

“பூச மாட்டோங்க,” என்றேன் நான். “ஊரே வந்து பாக்கட்டும். இது வெளிச்செவுருங்க. இத்தன வருசமா நாங்க கோவிலுக்கு வெளியதான் உக்காந்திருக்கோம்.”

“செவுத்தப் பத்திப் பேசறதுக்கு நீ யாரு?”

“ரெண்டு நாளா இதுக்குச் சாந்து சொமந்தவங்க.”

அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். கணவர் கரண்டியைச் சட்டியில் போட்டார். “அவ சொல்றது சரிதாங்க,” என்றார்.

அப்போது எங்கள் கோவிலில் இருந்த சாமியார் நல்லவர், சண்டைக்குப் பயந்தவர். என்னை அழைத்து, “நிதானமாப் பாத்துக்கலாம் டீச்சர். சனங்க மனசு மாறணும்,” என்றார்.

“மாறட்டும் ஃபாதர். அதுவரைக்கும் நான் உள்ள உக்காந்திருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை பெரிய வாசல் வழியாகவே போனேன். உபதேசியார் கையை நீட்டினார். நான் நிற்காததால் அவரே கையை இழுத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். சுற்றி இருந்தவர்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நகர்ந்தார்கள். நெல் அடிக்கிற களம்போல என்னைச் சுற்றி இடம் காலியாயிற்று. ஆனாலும் பாட்டுக்குக் குரலை உயர்த்தினேன். ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. சுருதி சேராத குரல்தான். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் வாரத்துக்குள் காலனியிலிருந்து நான்கு குடும்பங்கள் எங்களோடு உள்ளே வந்தன. மற்றவர்கள் மேலத்தெரு நிலத்தில் வேலை செய்தவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. தலைவர் வீட்டாரும் உறவுக்காரர்களும் பூசைக்குத் தருமபுரிக்குப் பஸ் ஏறினார்கள். ஊரில் என் கணவருக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. அவரும் அதே பஸ்ஸில் போய், தருமபுரியில் ஒரு முஸ்லிம் வியாபாரி எழுப்பிய கடைக்குச் சுவர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். “நான் பெரிய வாசல் வழியாகக் கோவிலுக்குள் போனேன். இனியும் போவேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு வருடம் நடுக்கூடம் பாதி காலியாகக் கிடந்தது. அடுத்து ஈஸ்டருக்கு முன்னால் வந்த பெரிய வியாழனன்று தலைவரின் மனைவி தனியாக வந்தார். எனக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தார்.

“பஸ்ல போயிப் போயி முட்டி வலிக்குது டீச்சர்,” என்றார்.

“உக்காருங்க,” என்றேன்.

அவர் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கத் தொடங்கியது. அடைத்த சன்னலைக் கடைசிவரை யாரும் பூசவில்லை. தலைவரும் வந்தார். சாகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவருக்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஒற்றுமையாக இருந்த ஊரை ஒரு டீச்சர் வந்து கெடுத்தாள் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆமாம், நான்தான். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இன்னும் ஒரு சுவர் நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லி ஆயருக்கு வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறேன். இதுவரை பதில் வரவில்லை. இந்த வருடத்துக் கடிதத்தைப் போன வாரம்தான் தபாலில் சேர்த்தேன்.