தலைவலி மாத்திரை

வளைகுடா நாட்டில், ஃபர்வானியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே துப்புரவு கான்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியில் பானுமதி வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பரமக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் வேறொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்ட பிறகு, யாரிடமும் யோசனை கேட்காமல் பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறியவள். அவளுக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். சம்பளத்தில் ஓவர்டைமை விட்டுவிட்டால் கேட்பாள். கையுறை கிழிந்திருந்தால் கேட்பாள். கேட்டது கிடைக்கும்வரை விடமாட்டாள்.

சைட் சூப்பர்வைசர் சதீஷ்குமாருக்கு அதனாலேயே அவளைக் கண்டால் ஆகாது. கோயம்புத்தூர்க்காரன், மடிப்புக் கலையாத சட்டைக்காரன். “அந்தப் பொம்பளைய ஊருக்கு அனுப்பாம உடமாட்டேன்” என்று அவன் சொல்லிக்கொண்டு திரிவது அவள் காதுக்கும் வந்திருந்தது. “அனுப்பட்டும், பாப்போம்” என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

ஒருநாள் காலை டூட்டியில், ஆண்கள் வார்டின் கறுப்புக் குப்பைப் பையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போடும்போது, அவள் இடது உள்ளங்கையில் சுருக்கென்று ஏதோ ஏறியது. கையுறையைக் கழற்றினாள். ரத்தம் பொட்டாக நின்றது. பையைத் துழாவிப் பார்த்தால் மூடியில்லாத ஊசி. பயன்படுத்திய ஊசி அதற்கென்று இருக்கும் கெட்டியான பெட்டியில்தான் போக வேண்டும். வார்டில் பெட்டி நிறைந்து வழிகிறது, புதுப்பெட்டி வேண்டும் என்று அவள் சதீஷ்குமாரிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தாள். “வரும் வரும்” என்றிருந்தான்.

வார்டு நர்ஸ் ஊசியைப் பார்த்தாள், அது எந்தக் கட்டிலிலிருந்து வந்தது என்று விசாரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, பானுமதியைக் காஷுவாலிட்டிக்கு ஓடாத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கட்டிலில் இருந்தவருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

காஷுவாலிட்டி டாக்டர் இங்கிலீஷில் பேசினார். நர்ஸ் வார்டுக்குத் திரும்பிவிட, மொழிபெயர்க்க சதீஷ்குமார் வந்து நின்றான். இந்த விஷயம் பெரிதானால் பெட்டியைப் பற்றிய கேள்வி வரும், கான்ட்ராக்டே ஆட்டம் காணும் என்ற பயம் அவன் நெற்றி வியர்வையில் தெரிந்தது.

“இங்க பாரு. உடனே மாத்திரை ஆரம்பிச்சா நோய் ஒட்டாம தடுத்துரலாமாம். நாலு வாரம். ஒரு நாள்கூட உடக் கூடாது. சாப்பாட்டோட சேர்த்துப் போடணும், வெறும் வயித்துல போடக் கூடாது.”

டாக்டர் வேறெதையோ கேட்டார். ‘மெடிசின்’ என்ற சொல் பானுமதிக்குப் பிடிபட்டது. அதற்குள் சதீஷ்குமார், “நோ டாக்டர், நத்திங்” என்று சொல்லியாகிவிட்டது.

“என்ன சார் கேக்குறாரு?”

“வேற மருந்து ஏதாச்சும் சாப்புடறியான்னு.”

“ஒத்தத் தலைவலிக்கு ஊர்ல இருந்து கொண்டாந்த மாத்திர போடுவேன்ல. அதச் சொல்லுங்க.”

“தலவலி மாத்திரையெல்லாம் ஒரு மருந்தா? டாக்டருக்கு வேற வேல இல்லையா? வாங்கிட்டு கெளம்பு.”

அவள் டாக்டரைப் பார்த்தாள். தலையைத் தொட்டுக் காட்டி, “டேப்லட், டேப்லட்” என்றாள். தலை வலிக்கிறது என்று சொல்கிறாள் போல என்று நினைத்து அவர் சிரித்துத் தோளைத் தட்டினார். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம், அவர்கள் தங்கியிருந்த அப்பாசியாவில் பஸ் வந்து நிற்கும் முன்பே செய்தி வந்துவிட்டது. டிரைவரிடம் சதீஷ்குமார் சொன்னானாம், டிரைவர் இன்னொருத்தியிடம் சொன்னானாம். ரூமில் ஐந்து பெண்கள். பானுமதியும் புதுக்கோட்டைப் பஞ்சவர்ணமும் சேர்ந்துதான் சமைத்துச் சாப்பிட்டு வந்தார்கள். அன்றைக்கு அவள் கதவைத் திறந்தபோது அவளுடைய தட்டு, டம்ளர், சட்டி எல்லாம் செருப்பு விடும் இடத்தில் கிடந்தன.

“என்னடி இது?”

“கோவிச்சுக்காத பானு. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. ஒனக்கு என்ன, தனி ஆளு.”

“ஊசி குத்துனா நோய் வந்துருச்சுன்னு அர்த்தமாடி? வராம இருக்கத்தான மாத்திர குடுத்துருக்காக. அப்பிடியே வந்தாலும் தட்டுல ஒட்டுமா, டம்ளர்ல ஒட்டுமா?”

“அது எனக்குத் தெரியாது. அடுப்பங்கரப் பக்கம் நீ வராத. எல்லாரும் சேந்து பேசிட்டோம்.”

மற்ற மூவரும் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை. அவள் குளித்துவிட்டு வந்தால் பின்னாலேயே பினாயில் வாளியோடு ஒருத்தி போனாள். ஆஸ்பத்திரியில் தான் செய்கிற அதே வேலையைத் தனக்கே செய்கிறார்கள் என்று பானுமதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “நல்லாத் தேயி, மூலையில அழுக்கு நிக்குது” என்று சத்தமாகச் சொன்னாள்.

சமைக்க இடமில்லாமல் போனதும் சாப்பாடு தாறுமாறாகிவிட்டது. காலையில் பால் போடாத டீயும் பாதி குப்பூஸ் ரொட்டியும். சில நாள் அதுவும் இல்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டால் மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு பஸ் ஏறினாள். ஒரு நாளும் விடக் கூடாது என்பது மட்டும் அவள் மனதில் ஆணியடித்திருந்தது. வயிற்றைப் புரட்டியது. வாந்தி வந்தது. பட்டினியும் குமட்டலும் தூக்கமின்மையும் சேர்ந்து, பல மாதங்களாக எட்டிப் பார்க்காத ஒற்றைத் தலைவலியைக் கொண்டுவந்து நிறுத்தின. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ உளி வைத்து அடிப்பது போல இருந்தது. தன் துணிப்பெட்டியைத் திறந்து ஊர் மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டாள். சாயங்காலம் இன்னொன்று. மறுநாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள் மதியம் தரை துடைத்துக்கொண்டிருந்தவளின் விரல்கள் மரத்துப் போயின. துடைப்பக் கட்டையைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். விரல்நுனிகள் வெளுத்து, நகத்தடியில் நீலம் பாய்ந்திருந்தது. பாதம் ஐஸில் வைத்தது போலச் சில்லிட்டது. கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது. சுவரைப் பிடித்து நடந்துபோய் சதீஷ்குமாரிடம் கையைக் காட்டினாள்.

“ஏசில நிக்கறே, சில்லுன்னுதான் இருக்கும். நடிக்காத. முடியலன்னா சொல்லு, டிக்கெட் போட்டுத் தரேன், ஊருக்குப் போயிரு.”

“பெட்டி கேட்டப்ப வாங்கிக் குடுத்திருந்தா நான் ஏன் நடிக்கப் போறேன்?”

“இந்த வாய்தான் உன்னய கெடுக்குது” என்று அவன் போய்விட்டான்.

அதே மாடியில் வேலை பார்த்த மர்ஜானா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலங்கையில் கிண்ணியாக்காரி. வீடுகளில் பல வருடம் வேலை செய்து அரபு சரளமாகப் பேசுவாள். பானுமதிக்கும் அவளுக்கும் லிஃப்ட் துடைக்கும் முறையைப் பற்றி ஒரு பழைய சண்டை, அதற்குப் பிறகு பேச்சில்லை. இப்போது கிட்டே வந்து பானுமதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். உடனே விட்டாள்.

“அல்லாஹ்! செத்த மையத்து மாதிரி குளிருது ஒங்கட கை. நடங்க கீழ.”

“நீ எதுக்கு வர்ற?”

“ஒங்களில எனக்கு ஒண்ணும் விருப்பமில்ல. நாளைக்கு நீங்க விழுந்து கிடந்தா ஒங்கட மாடியையும் நான்தான் துடைக்கணும். நடங்க எண்டா நடங்க.”

காஷுவாலிட்டியில் அன்றைக்கு இருந்தவர் ஒரு எகிப்துப் பெண் டாக்டர். மணிக்கட்டில் நாடி தேடினார், கிடைக்கவில்லை. பாதத்தில் தேடினார், அங்கேயும் இல்லை. என்னென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று அரபியில் கேட்டார். மர்ஜானா அதை அப்படியே சொல்ல, பானுமதி கைப்பையிலிருந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாள். ஊர் மாத்திரைப் பட்டையைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்ததைப் படித்ததும் டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நர்ஸ்களைப் பார்த்துக் கத்தினார். இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

டிரிப் ஏற்றிய பிறகுதான் அவர் நிதானமாகச் சொன்னார். மர்ஜானா வரிவரியாகத் தமிழில் எடுத்துக்கொடுத்தாள்.

“இந்த எச்.ஐ.வி. மருந்தில ரெண்டு குளிச இருக்காம். பெரிய குளிச கிருமி பெருகாம தடுக்கிறதாம். அதுக்கு புரோட்டியேஸ் தடுப்பு எண்டு பேராம். அதை உடம்பு சுருக்கா கரைச்சு வெளிய தள்ளிராம பிடிச்சு வைக்கிறது சின்னக் குளிசயாம். ஆனா அது பெரியதை மட்டும் பிடிச்சு வைக்காதாம். ஈரல் கரைக்க வேண்டிய வேற மருந்துகளையும் கரைய விடாதாம். ஒங்கட தலையிடிக் குளிசயில எர்கோட்டமின் எண்டு ஒரு மருந்து இருக்கு. ரத்தக் குழாயைச் சுருக்குற மருந்து. கரையாம உடம்புக்குள்ளேயே சேர்ந்து, கை காலுக்குப் போற குழாயை எல்லாம் இறுக்கிட்டாம். இந்த ரெண்டையும் சேர்த்துக் குடிக்கவே கூடாதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா விரல் எல்லாம் கறுத்திருக்குமாம்.”

“அப்ப நான் நோய்த் தடுப்ப நிப்பாட்டணுமா?”

டாக்டர் தலையாட்டி மறுத்தார். அந்த வகையை மட்டும் எடுத்துவிட்டு, இந்தச் சிக்கல் இல்லாத வேறொன்றைத் தருவதாகவும், மீதி நாட்களை முடித்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். பிறகு மருந்துச் சீட்டைக் காட்டி, “முதல் நாளே இதைக் கேட்டிருப்பார்களே? நீ ஏன் சொல்லவில்லை?” என்றார்.

அந்த நேரம் பார்த்து சதீஷ்குமார் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். வந்த வேகத்திலேயே இங்கிலீஷில் அடுக்கினான். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, படிக்காதவள், தானாகக் கண்டதையும் வாங்கிப் போடுகிறவள். கை அசைவிலேயே பானுமதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“மர்ஜானா, நான் சொல்றத மாத்தாம சொல்லு. இவன்தான் அன்னைக்கு பக்கத்துல நின்னவன். தலைவலி மாத்திர போடுறேன்னு சொன்னேன், சொல்ல மாட்டேன்னுட்டான். டாக்டர் கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு இவனே பதில் சொன்னான். ஊசிப் பெட்டி வேணும்னு ரெண்டு தரம் கேட்டேன், வாங்கித் தரல. என் கை அழுகிருந்தா இவன் வந்து எனக்குச் சோறு ஊட்டுவானா, கேளு.”

மர்ஜானா கடைசிக் கேள்வியையும் விடாமல் அரபியில் சொன்னாள். டாக்டர் சதீஷ்குமாரை ஏற இறங்கப் பார்த்தார். “கலாஸ், போதும். வெளியே போ” என்றார். அவன் போகாமல் நிற்க, செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கியபோது வந்த வலிக்கு முன்னால் தலைவலியெல்லாம் ஒன்றுமில்லை. பானுமதி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கைவிரல்கள் பிழைத்தன. வலது காலின் சுண்டுவிரல் நுனி மட்டும் கறுத்துப் போய், அதை எடுக்க வேண்டி வந்தது.

ஆஸ்பத்திரி நிர்வாகம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. வார்டுகளுக்குப் புதுப்பெட்டிகள் மறுநாளே வந்து சேர்ந்தன. சதீஷ்குமார் வேலையில்தான் இருந்தான், இடம் மட்டும் மாற்றினார்கள். மருத்துவக் காரணம் காட்டிப் பானுமதியை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஆபீஸில் பேச்சு எழுந்தது. அவள் நொண்டிக்கொண்டே போய் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தாள். “அனுப்புங்க. அதுக்கு முன்னாடி எம்பஸிக்குப் போயிட்டு வந்துர்றேன், நடந்தது எல்லாத்தையும் சொல்லிட்டு” என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பானுமதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பஞ்சவர்ணம் ஒரு தரம் வார்டுக்கு வந்திருந்தாள். கையில் சாதமும் மீன்குழம்பும்.

“எனக்கு வெவரம் தெரியல பானு. பயந்துட்டேன். சாப்புடு.”

“அன்னைக்கு ஒரு வாய் சோறு போட்டிருந்தா இந்தத் தலைவலியே வந்திருக்காது. எடுத்துட்டுப் போ.”

“இம்புட்டு கோவம் ஆகாதுடி.”

“ஆகும். எடுத்துட்டுப் போடி.”

அவள் போன பிறகு பக்கத்துக் கட்டில் நோயாளி, பாவம், இப்படியா விரட்டுவது என்று கேட்டாள். பானுமதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாத்திரைக் காலம் முடிந்தது. அதன்பிறகு எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது. மறுபடி எடுத்ததிலும் இல்லை. ரூமில் அந்தச் செய்தி பரவியதும் அடுப்பங்கரை மறுபடி திறந்துவிடப்பட்டது. அவள் அங்கே சமைக்கவில்லை. மர்ஜானா இருந்த ரூமில் ஒரு கட்டில் காலியாக இருக்க, சாமான்களைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். இருவருக்கும் இன்னும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. தேங்காய்ப்பால் அதிகம் விடுகிறாள் என்று பானுமதியும், புளியைக் கரைத்துக் கொட்டுகிறாள் என்று மர்ஜானாவும் தினமும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள்.