எட்டுக் குடம் பனி

பனி என்ற ஒரே சொல்லை நம்பி என் மாமா வேலைக்குப் போகப் பார்த்தார். அம்மாவின் கடைசித் தம்பி அவர். காந்தல் என்ற மலையூரில் எங்களோடுதான் இருந்தார். வெலிங்டனில் ஒரு ராணுவ அதிகாரியின் பங்களாவில் தோட்ட வேலை. அந்த அதிகாரியின் நண்பர் இமாச்சலத்தில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் இடம் நடத்திவந்தாராம். கூடமாட உதவிக்கு ஆள் கேட்டிருந்தார். அதிகாரி தமிழ்க்காரர்தான். "பனியில சறுக்கத் தெரியுமா?" என்று அவர் கேட்டதும் மாமா கொஞ்சமும் யோசிக்காமல், "பனி எங்கூட்டு வாசல்லயே கொட்டுதுங்க சார்" என்றிருக்கிறார். ஜனவரியில் காந்தல் புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் கிடக்குமே, அந்த உறைபனியைத்தான் சொன்னார். பொய் என்றும் சொல்ல முடியாது. நமக்கு அதுவும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி.

அதிகாரி சிரித்துவிட்டுத் தன் பழைய சறுக்குப் பலகையைக் கொடுத்தார். தான் மாற்றலாகிப் போவதற்குள் அதில் நின்றபடி ஒரு சரிவு முழுக்க இறங்கிக் காட்டினால் நண்பருக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர், "இதென்னங்க, துணி தேய்க்கற மேசையா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்சரிவுதான் இமயமலை. காலை ஆறரைக்குத் தொடங்கினால், வெயில் விழுந்து பனி கரைவதற்குள் முக்கால் மணி நேரம் கிடைக்கும். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு மாமா மேலே ஏறுவார். இரண்டு காலையும் பலகையில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும். நிற்பதற்கே நான்கு நாள் ஆனது. முட்டியை மடக்க வேண்டிய இடத்தில் இடுப்பை மடக்குவார், பொத்தென்று உட்காருவார். கீழே நின்று "விழுந்துட்டாரு!" என்று கத்துவது என் வேலை. எனக்குப் பத்து வயது. அந்த வேலையை மிகுந்த பொறுப்போடு செய்தேன்.

மூன்றாவது வாரம் பாதிச் சரிவுவரை வந்தார். அதற்குமேல் பலகை புல்லில் சிக்கி நின்றுவிடும். "பனி பத்தல அம்மிணி. இன்னுங் கொஞ்சம் இருந்தா அடிவரைக்கும் போயிருவேன்" என்றார். முகம் வாடியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

அதிகாரி பார்க்க வருவதற்கு முந்தின சாயங்காலம், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, குழாயடியிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் சுமந்து சரிவின் கீழ்ப்பாதி முழுக்க ஊற்றினேன். கை விறைத்துப்போனது. தண்ணீர் உறைந்தால் பனி; தண்ணீர் கூடினால் பனியும் கூடும். என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. மாமா இறங்கி முடித்ததும் சொல்லிப் பேர் வாங்கலாம் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மாமா மேல்பாதியை அத்தனை அழகாகக் கடந்தார். முட்டியைக்கூட மடக்கியிருந்தார். எனக்குக் கத்தவே தோன்றவில்லை. கீழ்ப்பாதி கண்ணாடியாகக் கிடந்தது. பலகை அதைத் தொட்டதுதான் தாமதம், மாமா சுழன்றடித்துக்கொண்டு போய் வேலிக்கல்லில் மோதினார். அவர் அலறியதில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது.

தூக்கப் போன அதிகாரிக்கும் கால் வழுக்கியது. குனிந்து தொட்டுப் பார்த்தார். "இது ஐஸ்கட்டியில்ல? யாரு இங்க தண்ணி ஊத்துனது?"

நான் நிமிர்ந்து நின்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டார். அந்த வலியிலும் முந்திக்கொண்டு, "நாந்தானுங்க சார். பனி பத்தலைன்னு ஊத்துனேன்" என்றார்.

"அறிவு கெட்டவனே, கைய ஒடச்சுக்கிட்டயேடா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதிகாரிக்கும் வருத்தம்தான். இப்படிப்பட்ட அவசரக்காரனைப் பனிமலைக்கு அனுப்பினால் நாளைக்கு யார் உயிருக்கு யார் பதில் சொல்வது என்றார். மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் போனார். கடிதம் மட்டும் தரவில்லை.

கட்டுப்போட்ட கையோடு மாமா திரும்பியபோது நான் அவரிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டார், போகவில்லை. குடம் சுமந்தது நான், கை விறைத்தது எனக்கு, பேர் மட்டும் அவருக்கா? இப்படிப் பச்சையாகப் புளுகுவார் என்று நான் நினைத்ததேயில்லை. இரண்டு நாள் அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை.

மூன்றாம் நாள், போனால் போகிறதென்று நானே அவரை மன்னித்துவிட்டேன்.