யாரும் எடுக்காத புத்தகம்

நூலகர் ஜெஸிந்தா அக்காவிடம் திட்டு வாங்காதவர் தேவர்சோலையில் இருந்தால், அவர் நூலகப் பக்கமே போகாதவர் என்று அர்த்தம். நான் வாங்கியது கொஞ்சநஞ்சமல்ல. நூலகத்துக்கு அடுத்த கதவு என்னுடைய ஜெராக்ஸ் கடை. கரண்ட் போனால் நேரே நூலகத்துக்குள் போய்ப் பேப்பரை விரித்துக்கொள்வேன். "ஏனுங்க தங்கவேலு, பேப்பர மடிச்ச மடிப்புலயே வைக்கோணும்னு எத்தன வருசமாச் சொல்றனுங்க?" என்பார். மரியாதையாகத் திட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அக்காவின் சொந்த ஊர் குன்னூர். அப்பா ஒரு தேயிலை பேக்டரியில் டிரைவர். தொண்ணூறில் இங்கே மாற்றலாகி வந்த அக்கா, திரும்பிப் போக மனுப் போடவே இல்லை. கேட்டால், "நாலாயிரம் புத்தகத்த ஒழுங்கு பண்ணியாச்சு. இன்னொருத்தர் வந்து கலைக்கறதுக்கா?" என்பார். கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் அதுதான் காரணம் என்று நாங்கள் கேலி பேசுவோம், அவர் காதில் விழாமல்.

எங்கள் ஊரில் புத்தகத்தை யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை. "பாம்புப் படம் போட்டது", "எங்க அக்கா படிச்சு அழுத கதை" என்றுதான் கேட்பார்கள். அரசாங்கம் கொடுத்த நூற்பட்டியல் அட்டைகளில் ஆசிரியர் பெயரும் புத்தக எண்ணும்தான் இருக்கும், அழுத அக்காவுக்கு அதில் இடமில்லை. அதனால் ஜெஸிந்தா அக்கா ஒரு பிஸ்கட் டின்னில் தனியாக அட்டைகள் வைத்திருந்தார். வந்தவர் கேட்ட சொல்லை அப்படியே எழுதி, அவர் பெயரும் வருடமும் போட்டு, கொடுத்த புத்தகத்தின் எண்ணைக் குறித்து, அந்தச் சொல்லின் அகர வரிசையில் அடுக்கிவிடுவார். அடுத்த முறை யாராவது பாம்பு என்று வாயெடுத்தாலே போதும், அலமாரிக்கு எழுந்து போய்விடுவார்.

இது நடந்தது 2001 ஜூனில். பச்சைக் கொழுந்துக்கு விலையே இல்லை. எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் பெரட்டு, அதாவது வேலைக்குப் பேர் கொடுப்பது. லயம் என்கிற எஸ்டேட் குடியிருப்பில் பாதி திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டது. அப்படி ஒரு புதன்கிழமை, மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு மருதாயி நூலகத்துக்குள் வந்தார். கரண்ட் இல்லாததால் நானும் உள்ளேதான் இருந்தேன்.

மருதாயி எழுபதுகளில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். கணவர் ராசு முந்தின வருடக் கடைசியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகள் ரேணுகாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. சான்றிதழ் வாங்க, இந்தியா திரும்புகிறவர்களுக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையின் அசலைக் காட்ட வேண்டும்.

"டீச்சர், அந்தக் கார்டு இங்கதான் இருக்கு" என்றார் மருதாயி; லயத்து ஆட்களுக்கு அக்கா டீச்சர்தான். "லயத்துல மழை ஒழுகி எல்லாம் ஊறிப்போகுது, லைப்பிரரியில பத்திரமா வச்சிருக்கேன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எங்கன்னு கேட்டு வச்சிக்காமப் போயிட்டேன்."

அக்காவுக்கு வந்ததே கோபம். "இது என்னங்க, பேங்க் லாக்கரா? திரும்பி வர்ற ஒவ்வொரு புத்தகத்தையும் நான் தலகீழா உதறித்தான் வாங்கறேன். பஸ் டிக்கெட் விழும், கொழுந்து எடைச் சீட்டு விழும். கார்டு விழுந்திருந்தா எனக்குத் தெரியாதுங்களா?"

மருதாயியின் முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, ராசு என்ன புத்தகம் எடுப்பார் என்று கேட்டார்.

"அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும் டீச்சர். புத்தகமெல்லாம் எங்க படிச்சாரு?"

நூலகத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எடுத்தவரின் உறுப்பினர் சீட்டு அவர் கைக்குப் போய்விடும். இந்த ஆள் என்னென்ன எடுத்தார் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. அன்று பூராவும் நாங்கள் மூன்று பேரும் அலமாரி அலமாரியாகப் புத்தகங்களை எடுத்து உதறினோம். எனக்குத் தும்மல்தான் மிச்சம்.

வியாழக்கிழமை நான் போனபோது அக்கா அலமாரி பக்கமே போகவில்லை. பிஸ்கட் டின்னை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். அது கேட்ட சொல்லின் வரிசை, கேட்டவரின் வரிசை அல்ல. ராசு என்ன சொல்லிக் கேட்டார் என்று தெரியாததால் ஆயிரத்துச் சொச்சம் அட்டைகளையும் ஒன்றுவிடாமல் படிக்க வேண்டியிருந்தது. மருதாயி எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. 'யா' வரிசைக்கு வந்ததும் அக்காவின் கை நின்றது.

அட்டையை என்னிடம் நீட்டினார். "யாரும் எடுக்காத புத்தகம். ராசு. 1992." கீழே ஓர் எண்.

"இப்ப ஞாபகம் வருதுங்க. யாரும் எடுக்காத புத்தகம் எது டீச்சர்னு கேட்டாரு. யாரும் சீண்டாத புத்தகத்துமேல இரக்கப்படறாராட்டம்னு நெனச்சு, பனை வளர்ப்புப் புத்தகத்தக் குடுத்தேன். இந்த மலையில பனைய யார் வளக்கப் போறா? ஆனா, ஆளே எடுக்காட்டி ஒரு நாள் கழிவுல போட்டுருவாங்கன்னும் சொல்லி வச்சேன்."

புத்தகம் சுவரோர அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. ராசு அதற்குக் காக்கிக் காகிதத்தில் அட்டை போட்டு, ஓரங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். இப்படிப் புத்தகத்தைப் பேணுகிறவரை இந்த ஊரில் பார்த்ததில்லை என்று அக்காவே அந்த வருடம் அவரை மெச்சியிருக்கிறார். உதறினால் எப்படி விழும்? அக்கா பிளேடால் ஓரத்தைக் கீறினார். உள்ளே, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய குடும்ப அட்டை. ராசுவும் மருதாயியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அந்தப் போட்டோவில் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

மருதாயி அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்பது முத்திரைகள், எல்லாம் ஜூன் மாதம், வருடத்துக்கு ஒன்று. யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழித்துவிடக் கூடாதே என்று அந்த மனிதர் ஒவ்வொரு மழைக்கும் வந்து தானே எடுத்துப் போயிருக்கிறார். இத்தனை பெரிய ஊரில் நம்பி வைக்க அவருக்குக் கிடைத்தது அந்த அடித்தட்டுதான்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் கிடைத்தது. ரேணுகா நர்சிங் சேர்ந்தாள். ஆகஸ்டில் மருதாயியும் திருப்பூர் போக மூட்டை கட்டினார். பஸ் ஏறுவதற்கு முன்னால் நூலகத்துக்கு வந்து, அந்தக் குடும்ப அட்டையை மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இத மறுபடியும் அதுலயே வச்சிருங்க. போற இடத்துல கூரை எப்படின்னு தெரியாது."

இன்றைக்கு மருதாயி தொலைந்தார் என்று நினைத்தேன். ஆனால் அக்கா இழுப்பறையைத் திறந்து உறுப்பினர் படிவம் ஒன்றை எடுத்தார். மருதாயி பெயரைத் தானே எழுதி, கைநாட்டு வாங்கினார்.

"இனி வருசா வருசம் நீங்கதான் வந்து எடுத்துக் குடுக்கோணும்."

"எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர்."

"அவருக்கு மட்டும் பனை வளக்கவாங்க தெரிஞ்சுது?"

மருதாயி சிரித்துவிட்டார். ராசு போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.